மஞ்சள் இலைக்கு மருந்து வாங்கும் முன்: தொட்டிச் செடிக்கு என்ன கேடு என்று கண்டுபிடிப்பது எப்படி

தொட்டிச் செடி வாடியிருந்தால் கை தானாகத் தண்ணீர்க் குவளையைத் தேடும். இலை மஞ்சளானால் உர டப்பாவைத் தேடும். இரண்டும் கொஞ்சம் பொறுக்கட்டும். இலை மஞ்சளாகத் தண்ணீர் கூடியது, தண்ணீர் போதாதது, உப்பு ஏறியது, இரும்புச் சத்து எட்டாதது, சிலந்திப்பேன் உறிஞ்சியது, வெறுமனே வயதானது என்று ஆறு காரணமாவது உண்டு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும். அதனால் வரிசையாகப் பாருங்கள்: முதலில் தொட்டி, பிறகு வேர், பிறகு எந்த இலையில் கோளாறு என்பது, அதன் பிறகு பூச்சி. மாவுப்பூச்சி கண்ணுக்கே தெரிகிறதென்றால் மட்டும் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம்.

இங்கே சொல்வது ரோஜா, கறிவேப்பிலை, செம்பருத்தி, துளசி, மிளகாய், மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், அரேகா பாம் போல பால்கனியிலும் மொட்டை மாடியிலும் வரவேற்பறையிலும் வளர்பவற்றுக்கு. சென்னை வெயிலும் போர் தண்ணீரும்தான் கணக்கு.

தொட்டியைத் தூக்குங்கள்

தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்து ஒரு முறை தொட்டியைத் தூக்கி, அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி தூக்குங்கள். ஒரு வாரத்தில் கையே தராசாகிவிடும். பெரிய தொட்டியானால் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தாலே தெரியும்.

அடுத்து ஈர்க்குச்சி. துடைப்பத்தில் ஒரு நல்ல குச்சியாக உருவி, தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள். எந்த உயரம் வரை மண் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மேலே இரண்டு அங்குலம் வெளுத்துக் காய்ந்திருக்க, அடியில் நாலு அங்குலம் சேறாக இருப்பது கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்த தொட்டிகளில் சகஜம். விரலை விட்டுப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். விரல் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாது. முள் ஆடும் மலிவான ஈரமானியையும் நம்ப வேண்டாம். அது அளப்பது மின்சாரம் கடத்தும் திறனை. உப்பு ஏறிய மண் அரைகுறையாகக் காய்ந்திருந்தாலும் அதற்கு ஈரமாகவே தெரியும்.

எடுத்த குச்சியை முகர்ந்து பாருங்கள். நல்ல மண்ணுக்கு முதல் மழை வாசனை இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அடியில் காற்றே இல்லை, வேர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள்.

இந்த இரண்டு சோதனையும் வாடலை மூன்றாகப் பிரித்துவிடும். வாடியிருக்கிறது, தொட்டி லேசாக இருக்கிறது: தாகம். உச்சி வெயிலில் மட்டும் வாடி, சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக நிமிர்ந்துவிடுகிறது: வெப்பம், நோய் இல்லை. வாடியிருக்கிறது, ஆனால் தொட்டி கனமாக இருக்கிறது: இதுதான் ஆபத்தானது.

கனமான தொட்டியில் வாடிய செடி

ஈரத்திலேயே நின்ற வேர் அழுகிவிட்டால் தண்ணீரை உறிஞ்ச ஆள் இல்லை. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் இலைக்குப் போய்ச் சேராது. இலை தொங்கும். பார்ப்பவர் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றுவார். அதோடு கதை முடியும்.

சந்தேகம் வந்தால் செடியை வெளியே எடுத்துப் பார்த்துவிடுவதே நல்லது. தண்டின் அடியை இரண்டு விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பைத் தரையில் லேசாகத் தட்டினால் மண் உருண்டையோடு வந்துவிடும். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ, கிள்ளினால் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கரும்பழுப்பாக, கொழகொழவென்று இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிரசீனா வகைகளின் வேர் இயல்பிலேயே ஆரஞ்சு நிறம்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நல்ல வேர் இருந்தால் காப்பாற்ற முயலலாம். பழைய மண்ணை உதறிவிட்டு, ஓடும் தண்ணீரில் வேரைக் கழுவுங்கள். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் அழுகியதையெல்லாம் உறுதியான பகுதி வரும்வரை வெட்டுங்கள். வேரை எவ்வளவு வெட்டினீர்களோ ஏறக்குறைய அந்த அளவுக்கு மேலே இலையையும் குறைக்க வேண்டும். பாதி வேரை வைத்துக்கொண்டு முழு இலைக்கும் தண்ணீர் அனுப்ப முடியாது. மனம் வராமல் இதை விடுபவர்களே அதிகம். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சை மருந்தைக் கலந்து, வேரைப் பத்து நிமிடம் நனைத்து, புதுக் கலவையில் நடுங்கள். இது அழகுச் செடிக்கான வழி. துளசி, கறிவேப்பிலை போல வாயில் போடுபவற்றுக்குத் தாமிர மருந்து வேண்டாம். கழுவி, வெட்டி, புது மண்ணில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி கொடுக்க நினைத்தால் தாமிர மருந்து போட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு கொடுங்கள். அதுவும் ஒரு பூஞ்சைதான், தாமிரம் அதையும் கொல்லும். டிரைக்கோடெர்மா வருமுன் காப்பது. அழுகிப்போன வேரை அது திருப்பித் தராது.

புதுக் கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு, கரடு மணலோ பெர்லைட்டோ (பொரித்த எரிமலைக் கல்) ஒரு பங்கு. ஸ்நேக் பிளாண்டுக்கு மணலை இரட்டிப்பாக்குங்கள். தொட்டி முன்னதைவிடச் சின்னதாக இருக்கட்டும். வெட்டுப்பட்ட வேருக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் குடிக்க ஆள் இல்லாத ஈரம் மறுபடி தேங்கும். அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில், நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண்ணின் கடைசி அங்குலம் முழுக்க ஊறும் வரை அங்கேயே தங்கும். ஜல்லி போட்டால் அந்தச் சேறு வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறி வருகிறது, அவ்வளவுதான். ஓட்டையை மூட ஓட்டுச் சில் ஒன்று போதும்.

நட்ட பிறகு ஒரு முறை நன்றாகத் தண்ணீர். பத்து நாள் நிழல். ஒரு மாதம் உரம் கூடாது.

லேசான தொட்டி

தாகம் எளிதான கேஸ் என்று தோன்றும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு: முழுக்கக் காய்ந்த கோகோபீட் தண்ணீரை ஏற்காது. மண் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகியிருக்கும். மேலே ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடி, ஒரு நிமிடத்தில் அடித்தட்டில் வந்து நிற்கும். தட்டு நிறைந்துவிட்டதே என்று நிறுத்திவிடுவோம். உருண்டையின் நடுப்பகுதி எலும்பாகக் காய்ந்தே கிடக்கும். இதற்குப் பக்கெட் வைத்தியம்தான். தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் முப்பது நிமிடம் உட்கார வையுங்கள். மேல் மண் ஈரமானதும் எடுத்து, வடியவிட்டு, ஓரத்து இடுக்கைக் குச்சியால் குத்தி மூடுங்கள்.

ஊற்றியவுடன் மொத்தமும் அடியில் வருகிறது, மண் சுவரை விட்டு விலகவும் இல்லை என்றால் வேர் நிறைந்திருக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் மண்ணே தெரியாமல் வேர் பாய் பின்னியிருக்கும். சுற்றிய வேரை நாலு இடத்தில் செங்குத்தாகக் கீறிவிட்டு, முன்னதைவிட இரண்டு அங்குலம் அகலம் கூடிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

நர்சரி ரோஜாவின் களிமண் உருண்டை

வாங்கும்போது ஐந்தாறு பூவோடு நிற்கும் ரோஜா, வீட்டுக்கு வந்து மூன்றே வாரத்தில் குச்சியாகிவிடும். பாவம், வாங்கியவர் தன் கை ராசியை நொந்துகொள்வார். பையைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் தெரியும். லாரியில் வெகுதூரம் வரும் செடிகளை இறுகிய களிமண் உருண்டையில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். வழியில் உதிராமல் இருக்க அது வேண்டும். ஆந்திரத்தின் கடியம் நர்சரிகளிலிருந்து சென்னைக்கு வருபவற்றில் இதை நிறையப் பார்க்கலாம். அந்த உருண்டையை அப்படியே பொலபொலவென்ற கலவைக்குள் வைத்தால் ஒரு தொட்டியில் இரண்டு மண் ஆகிறது. சுற்றியுள்ள கலவை நனைந்து வடிந்துவிடும். களிமண் ஒன்று காய்ந்து செங்கல்லாகும், அல்லது ஒரு முறை ஊறினால் காயவே காயாது. ஈர்க்குச்சியை ஓரத்தில் செருகினால் ஈரம் காட்டும். தண்டை ஒட்டிச் செருகிப் பாருங்கள், குச்சி வளைந்து நிற்கும்.

சரிசெய்ய, உருண்டையைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, வெளிப்பக்கக் களிமண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கையால் தடவிக் கரைத்து எடுங்கள். முழுவதையும் உரித்தால் மெல்லிய வேரெல்லாம் அறுந்துவிடும். பூவையும் மொட்டையும் வெட்டிவிடுங்கள். ஒரு வாரம் காலை வெயில் மட்டும். புது ரோஜாவை வாங்கிய அன்றே தொட்டி மாற்றாமல், ஐந்தாறு நாள் வீட்டு வெயிலுக்குப் பழகவிட்டு மாற்றுவது இன்னும் நல்லது.

ரோஜாவில் இன்னொன்று. ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழேயிருந்து வரும் கிளை காட்டு ரோஜாவுடையது. அது சத்தைத் தின்று மேலே உள்ளதை ஒழித்துவிடும். ஏழு இலை இருந்தால் காட்டுக்கிளை என்று எண்ணிப் பார்த்து வெட்டுகிறவர்கள் நல்ல கிளையையும் வெட்டிவிடுகிறார்கள். எண்ண வேண்டாம். எங்கிருந்து முளைக்கிறது என்று மண்ணை விலக்கிப் பார்த்து, முடிச்சுக்குக் கீழே என்றால் அடியோடு பிய்த்து எடுங்கள்.

பழைய இலையா, புது இலையா

தொட்டியும் வேரும் சரியாக இருந்தால்தான் சத்துக் குறையை யோசிக்க வேண்டும். இங்கே முதல் கேள்வி, மஞ்சள் எங்கே தொடங்கியது. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் இவை செடிக்குள் நகரக்கூடியவை. போதாதபோது கிழட்டு இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுத்துவிடும் செடி. அதனால் இவற்றின் குறை அடி இலையில் தெரியும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, போரான் நகராது. இவற்றின் குறை குருத்தில் தெரியும்.

அடி இலை முழுதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து. அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து, இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியம். லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு கலந்து இலையில் தெளித்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை தெளியுங்கள். அடி இலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் சத்துக் குறையாக இருக்கலாம். ஆனால் தொட்டியில் அது உப்பால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மாதத்துக்கு ஒன்றிரண்டு அடி இலை மட்டும் மஞ்சளாகி விழுந்து, குருத்து செழிப்பாக வந்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம்.

குருத்து இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சை வலையாகத் தெரிவது இரும்புக் குறை. தொட்டிக் கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் இது அடிக்கடி வருகிறது. முற்றினால் புது இலை வெண்ணெய் நிறத்துக்கே போய்விடும். மண்ணில் இரும்பு இல்லாமல் போவது அபூர்வம்; செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் மண்ணைக் காரமாக்கிவிடும்போது இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்கிறது. துருப்பிடித்த ஆணியைப் புதைப்பது வீண் வேலை என்பதற்கும் இதே காரணம். பூட்டிய வீட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இரும்பைத் தள்ளுகிறோம், அவ்வளவே.

உடனடி உதவிக்கு, லிட்டருக்கு 3 கிராம் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்), கூடவே ஒரு கிராம் சிட்ரிக் அமிலம். சாயங்காலத்தில் இலையின் இரு பக்கமும் தெளியுங்கள், பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும்; துரு நிறத்துக்கு மாறினால் கொட்டிவிடுங்கள். சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் கறை போகாது. மண்ணில் கொடுக்க விரும்பினால் கடையில் இரும்புச் சீலேட் (இரும்பு பூட்டிக்கொள்ளாமல் கரைந்தே இருக்கும் வடிவம்) கேட்கும்போது உறையைப் படியுங்கள். ஈ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் சீக்கிரம் செயலிழக்கும், ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் தாங்கும், விலை கூடுதல். புது இலை பச்சையாக வந்தால் கணிப்பு சரி. ஏற்கெனவே வெளுத்த இலை முழுதாகத் தேறாமல் போகலாம், அதை வைத்து அளக்காதீர்கள்.

புளித்த மோர் கறிவேப்பிலைக்கு நல்லது என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, புளிப்பு காரத்தைச் சற்றுக் குறைக்கும். உப்புப் போடாத மோராக, ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்து மாதம் ஒரு முறை போதும். மார்கழிக் குளிரில் கறிவேப்பிலை வளர்ச்சி நின்று சில இலை பழுப்பதும் இயல்பு. அப்போது உரம் வைத்துத் தொந்தரவு செய்யாதீர்கள்.

புது சிமெண்ட் தொட்டியும் சுண்ணாம்பைக் கசியவிட்டு இதே வெளுப்பைக் கொண்டுவரும். நடுவதற்கு முன் ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி, தினம் மாற்றுங்கள்.

நுனி கருகல்: தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்

இலை நுனியும் ஓரமும் காகிதம் போலக் கருகி, கருகலுக்கும் பச்சைக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு. மண்ணின் மேலும் மண் தொட்டியின் வெளிப்புறத்திலும் வெள்ளைப் படிவு. இரண்டும் சேர்ந்திருந்தால் உப்பு. ஃப்ளாட்டுகளில் இதற்கு இரண்டு வழக்கமான காரணம் உண்டு. ஒன்று, வீணாக்க வேண்டாமே என்று ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது. நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மற்றொன்று, குடியிருப்பில் பொதுவாக வைத்திருக்கும் சாஃப்ட்னர், அதாவது கடின நீரை மென்னீராக்கும் கருவி. அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தைக் கொடுக்கிறது. சோடியம் மண்ணை இறுக்கிக் களிம்பாக்கும். அந்தக் குழாயை விட்டுவிட்டு, சாஃப்ட்னருக்கு முன்னால் வரும் இணைப்பு தோட்டத்துப் பக்கம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கும். பாசனத் தண்ணீருக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டி லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை கவலையில்லை, 2000-க்கு மேல் கடுமையான சிக்கல் என்கிறது. அது வயலுக்குச் சொன்னது. தொட்டியில் உப்பு போக இடமில்லாததால் 1000 தாண்டினாலே மென்மையான செடிகள் முனகத் தொடங்கும். தண்ணீரை மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள். ஊற்றியபின் அடியில் வடிவதையும் பிடித்து அளந்து பாருங்கள். 600 உள்ளே போய் 2500 வெளியே வருகிறதென்றால் தொட்டிக்குள் உப்பு சேர்ந்து கிடக்கிறது.

தீர்வு, கழுவி விடுவது. பத்து லிட்டர் தொட்டிக்கு இருபது முதல் முப்பது லிட்டர் நல்ல தண்ணீர், ஒரு மணி நேரத்தில் மெதுவாக, வடிவது தட்டில் தேங்காமல். ஒரு பக்கெட் ஊற்றி, வடியவிட்டு, அடுத்தது. மழை நாள் என்றால் செடியை வெளியே வைத்தாலே முடிந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மற்ற தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்ற அருமையானது, ஏசியைக் கெமிக்கல் போட்டுக் கழுவிய வாரம் மட்டும் தவிர்க்கவும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், உப்பு போகாது.

டிரசீனா, ஸ்பைடர் பிளாண்ட் இரண்டுக்கும் ஃபுளோரைடு ஒத்துக்கொள்ளாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து நிலத்தடி நீரில் அது கூடுதல் என்பது தெரிந்ததே. அங்கே இந்தச் செடிகளின் நுனி கருகினால் மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். சூப்பர் பாஸ்பேட்டும் வைக்காதீர்கள், அதிலும் ஃபுளோரைடு உண்டு.

வெயிலும் இருட்டும்

வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்து, பிறகு காய்ந்த திட்டாக மாறினால் வெயில் சூடு. நிழலில் இருந்ததைத் திடீரென்று மொட்டை மாடிக்கு மாற்றும்போது வருவது. திட்டு பரவாது, மாறாது. சித்திரை, வைகாசியில் மேற்குப் பார்த்த பால்கனியில் இலையைவிட வேர்தான் முதலில் வேகும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் மேற்குப் பக்கத்து வேர் மட்டும் செத்திருப்பதைக் கவிழ்த்துப் பார்த்தால் காணலாம். தொட்டியைச் சுற்றிச் சாக்குக் கட்டுங்கள், அல்லது பெரிய தொட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

வெளிச்சம் போதாத செடி நீண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, ஜன்னல் பக்கம் சாயும். மணி பிளாண்டின் மஞ்சள் வரி மறைந்து முழுப் பச்சையாகும். பகல் பதினோரு மணிக்குச் செடியின் இடத்தில் வெள்ளைத்தாள் மேல் ஒரு அடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். விளிம்பு தெளிவான நிழல் விழுந்தால் எதுவும் வளரும். மங்கலாக விழுந்தால் மணி பிளாண்டுக்குப் போதும். நிழலே விழவில்லை என்றால் ஸ்நேக் பிளாண்டுகூட அங்கே வளராது, மெதுவாகத்தான் சாகும்.

பூச்சி: இலையைத் திருப்புங்கள்

செடியில் எறும்பு ஏறுகிறதா? எறும்பு இலையைத் தின்ன வரவில்லை, மாவுப்பூச்சியும் அசுவினியும் செதில் பூச்சியும் கழிக்கும் தேன் கழிவுக்கு வருகிறது. எறும்பின் வரிசை எங்கே முடிகிறதோ அங்கே பூச்சி இருக்கும். இலை பிசுபிசுப்பதும், அதன்மேல் கரி பூசியதுபோல் கரும்பூசணம் படர்வதும் இதன் தொடர்ச்சி. கரியைத் துடைத்தால் வந்துவிடும். பூச்சியை ஒழிக்காமல் துடைத்தால் மறுபடி வரும்.

செம்பருத்தியின் நுனியிலும் கணுவிலும் வெள்ளைப் பஞ்சாக இருப்பது மாவுப்பூச்சி. கொஞ்சமாக இருந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தொட்டு எடுங்கள். நிறைய என்றால் மோசமான நுனிகளை வெட்டிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, மிச்சத்துக்கு வேப்பெண்ணெய்: 5 மில்லியில் ஒரு மில்லி திரவ சோப்பை முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்குங்கள். எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மேலே மிதந்து, கடைசியில் தெளிக்கும் இலையைப் பொசுக்கும். முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். ஏழு நாளுக்கு ஒரு முறை, மூன்று முறை. பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டைக்கு மருந்து எட்டாது. பொரிந்து வரும் குஞ்சுக்காகத்தான் இரண்டாவதும் மூன்றாவதும். ஒரு முறை அடித்துவிட்டு வேப்பெண்ணெய் வேலை செய்யவில்லை என்பவர்கள் இதைத்தான் விடுகிறார்கள்.

கோடையில் ரோஜா இலை மேலே ஊசி குத்தியதுபோல் வெளிர் புள்ளியாகி, மொத்த இலையும் தூசு படிந்த நிறத்துக்கு மாறினால் சிலந்திப்பேன். கண்ணுக்குச் சிக்காது. வெள்ளைத்தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த துகள் நகர்கிறதா என்று பார்த்து, விரலால் தேயுங்கள். தூசு தூசாகவே இருக்கும், பேன் கறையாக இழுபடும். முதல் மருந்து தண்ணீர்தான். இலையின் அடிப்பக்கத்தில் குழாயால் வேகமாக அடித்துக் கழுவுங்கள், நாலு நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம். அடங்கவில்லை என்றால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும் நாளில் கந்தகம் இலையைச் சுடும், வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது. சென்னைக் கோடையில் 32 டிகிரிக்குள் அடங்கும் நாள் அமைவதே அரிது என்பதால் குழாயையே நம்புங்கள்.

மிளகாய் இலை படகு போல மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கவிழ்த்த படகு போலக் கீழ்நோக்கி என்றால் மஞ்சள் சிலந்தி. இலை சிறுத்து, நெளிந்து, செடியே குட்டையாகி நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அதற்கு மருந்து இல்லை, பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடியாவது பிழைக்கும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எலுமிச்சை வகை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. சற்று வளர்ந்ததும் பச்சையாகிவிடும், ஓரிரு நாளில் ஒரு கிளையையே மொட்டையாக்கும். கையால் எடுத்தாலே போதும். துளசி இலை சுருங்கி, அடியில் கரும்புள்ளியாக எச்சம் தெரிந்தால் கண்ணாடி போன்ற சிறகுள்ள மிகச் சின்னப் பூச்சி ஒன்றின் வேலை. கதிரைக் கிள்ளி, மேல் பாதியை வெட்டி, அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். இரண்டு மூன்று வருடத்துத் துளசி கட்டையாகி இலை குறைவது முதுமைதான். விதையைத் தூவிப் புதுச் செடி எழுப்புங்கள்.

மண்ணிலிருந்து சின்னக் கறுப்புக் கொசு பறந்தால் பூச்சியைத் துரத்த வேண்டாம், மேல் இரண்டு அங்குலம் காய விடுங்கள். வேரில் மணி கோத்ததுபோல் முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்த மண்ணை வேறு எந்தத் தொட்டிக்கும் மாற்றாதீர்கள்.

புள்ளி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரோஜாவில் ஓரம் பிசிறடித்த கரும்புள்ளி, சுற்றி மஞ்சள், அடி இலையில் தொடங்கி உதிர்ந்துகொண்டே மேலேறும்: கரும்புள்ளி நோய். இலை மணிக்கணக்கில் ஈரமாக இருந்தால்தான் அது பிடிக்கும். காலையில், அடியில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், உதிர்ந்ததைப் பொறுக்கி எறியுங்கள். விரலால் துடைத்தால் வரும் வெள்ளைப் பொடி சாம்பல் நோய். மணி பிளாண்டின் நுனியில் காலையில் நிற்கும் நீர்த்துளி எந்த நோயும் இல்லை.

சமையலறை வைத்தியம்

பாலும் சர்க்கரையும் கலந்த டீத்தூளைத் தொட்டியில் கொட்டினால் வருவது பூசணமும் கொசுவும். கழுவிக் காயவைத்தால் சரி. முட்டை ஓடு கார மண்ணில் கரைய வருடக்கணக்காகும். ஊறவைக்காத கடலைப் புண்ணாக்கு தொட்டிக்குள் புளித்துச் சூடேறி வேரை வேகவைக்கும். ஒரு கைப்பிடியை ஐந்து நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் நலமாக இருக்கும் செடிக்கு மட்டும்.

எது செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இடம், தண்ணீர், உரம், மருந்து நான்கையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாற்றினால் தேறினாலும் எதனால் என்று தெரியாது, செத்தாலும் தெரியாது. தேதியை மாஸ்கிங் டேப்பில் எழுதித் தொட்டியில் ஒட்டி, ஒரு குருத்தைப் போனில் படம் எடுத்து, பதினைந்து நாள் கழித்து அதே குருத்தை எடுத்து ஒப்பிடுங்கள்.

தேறவில்லையா, தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் கீழே கீழே சுரண்டிப் பச்சை தொடங்கும் இடத்துக்கு அரை அங்குலம் கீழே வெட்டுங்கள். மணி பிளாண்ட், செம்பருத்தி போன்றவற்றில் அடி அழுகி நுனி பச்சையாக இருந்தால், மூன்று கணு உள்ள குச்சியாக வெட்டி வேறு மண்ணில் ஊன்றுங்கள். மணி பிளாண்டைத் தண்ணீரிலேயே போடலாம். தரை மட்டம் வரை பழுப்பு என்றால் செடியை எடுத்துவிடலாம். தொட்டியைச் சோப்பால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.